பேர் தெரியாத அம்மணி

ஏனுங்க தம்பி, காதுல மாட்டியிருக்கறத சித்த கழட்டறீங்களா? ஒண்ணுமில்லீங்க, நீங்க கேக்கற பாட்டு இங்க வரைக்கும் கசியுது. பொம்பளைக் குரல். யாருன்னு கேக்கலாம்னுதான். அப்பிடிங்களா? நான் கேள்விப்பட்டதில்ல. நல்லாத்தான் பாடுது, மூச்சு எங்க எடுக்கறதுன்னு தெரியாமத்தான் தவிக்குது. குத்தமா எடுத்துக்காதீங்க. பொம்பளைக் குரல்னா எனக்கு வாய் சும்மா இருக்காது.

என்ற பேரு நாச்சிமுத்து. பீளமேட்டுல ஒரு பம்ப்செட் கம்பெனியில மோட்டார் செக்‌ஷன் பாத்து ரிட்டையர் ஆனவன். சன்னலோரம் உக்காந்திருக்கறது என்ற சம்சாரம், பூவாத்தா. பெங்களூருக்கு ஒரு கச்சேரி கேக்கப் போறமுங்க. கச்சேரின்னா வயலின் மிருதங்கம் இல்லீங்க, ராக். ப்ரோக்ரெசிவ் ராக். பாத்தீங்களா, சிரிக்கறீங்க. எழுவது வயசுக் கெழவன் வேட்டியக் கட்டிக்கிட்டு ராக்குங்கறானேன்னு சிரிக்கறீங்க. சிரிங்க. ரயிலு சேலம் போறதுக்குள்ள சொல்லி முடிச்சிர்றேன், அப்பறம் சிரிக்கறீங்களான்னு பாக்கலாம்.

நம்ம ஊர்ப் பாட்டுன்னா நாலு நிமிசமுங்க. இது இருவது நிமிசம் போகும். தாளம் ஏழுல ஓடும், திடீர்னு அஞ்சுக்குத் தாவும், புல்லாங்குழல் வரும், இடி இடிக்கும், எல்லாரும் சேந்து ஓடிட்டிருக்கறப்பவே ஒரு எடத்துல எல்லாம் நின்னு போயிரும். அந்த எடத்துல ஒரு பொம்பளை பாடும் பாருங்க, அதுக்குத்தாங்க நான் உசுரையே குடுத்தது. இந்தப் பாட்டுல பெரும்பாலும் ஆம்பளைங்க ராஜ்ஜியம். பொம்பளைங்க கொஞ்சப் பேருதான். கொஞ்சமா இருக்கறதால ஒப்பிட்டுப் பாக்கறதுக்கு நெம்ப வசதி.

நாங்க மூணு பேருங்க. நானு, போத்தனூர் ரயில்வே காலனி டெரன்ஸ், மில்லுல கணக்கு பாத்த வரதராஜு. ஞாயித்துக்கெழமையானா யாராவது ஒருத்தர் ஊட்டுல உக்காந்து கேப்போம். கேட்டு முடிச்சா சண்டை. முப்பது வருசத்துக்கு மேல ஒரே சண்டை: இதுல பெரிய பாடகி யாரு?

டெரன்ஸு அன்னி ஹாஸ்லம் கட்சி. அந்தம்மாவுக்கு அஞ்சு ஸ்தாயி போகும்னு சொல்லுவாங்க. குரல்னா குரல், அப்பிடித் தெளிவு. காலையில மொத வாளி கெணத்துத் தண்ணி மாதிரி, அடியில கெடக்கற கல்லு தெரியும். எனக்கும் புடிக்குமுங்க, பொய் சொல்லல. ஆனா கொஞ்சம் சுத்தம் ஜாஸ்தி. செருப்போட உள்ள போக முடியாத ஊடு மாதிரி. வரதராஜு சோன்யா கிறிஸ்டீனா கட்சி. அது வேற ரகம். பக்கத்துல ஒருத்தன் வயலின்ல தீ வெச்சுக்கிட்டிருப்பான், இந்தம்மா நடுவுல நின்னுட்டு பாதிச் சிரிப்புல பாடும். குசும்புக்காரி. நம்மகிட்ட எதையோ மறைச்சு வெச்சுட்டுப் பாடற மாதிரியே இருக்கும். அப்பறம் டாக்மர்னு ஒரு ஜெர்மன்காரி. தண்ணி லாரி வராத அன்னிக்கு எங்க தெருவுல கேக்கற குரல். அந்தம்மாவுக்கு நாங்க யாரும் ஓட்டுப் போட்டதில்ல, ஆனா அது பாடறப்ப எவனும் எந்திரிச்சு ஒண்ணுக்குப் போகமாட்டான். அவ்வளவு பயம்.

என்ன பூவாத்தா? சரி சரி. டாக்மரம்மாதான் நெசமாலுமே பாடுதுங்கறா. இவளுக்கு எங்கிருந்து அந்தப் பேரு தெரிஞ்சுதுன்னே தெரியல. நாங்க பேசறப்ப காப்பி கொண்டாந்து வெச்சுட்டுப் போறவ.

ஆமாங்க, எங்க கூட்டத்துல பொம்பளைங்க இல்ல. பொம்பளைங்க குரலைப் பத்திப் பேசற எடத்துல பொம்பளைங்க இருந்தா ஞாயமாப் பேச முடியாது பாருங்க.

இப்ப என்ற கட்சிக்கு வர்றேன். என்ற கட்சி அம்மணி. பேரு கெடையாது. ஒரு கேசட்டு. கம்பெனிக்கு மெசின் மாட்ட வந்த வெளிநாட்டு இஞ்சினியர் ஒருத்தன், ஊருக்குப் போறப்ப என்ற கையில குடுத்துட்டுப் போனான். மேல ஒரு எழுத்துகூட இல்ல. ஊட்டுல போட்டுக் கேட்டேன். தம்பி, அன்னிக்கு நான் சாப்பிடல. அப்பிடியொரு பொம்பளைக் குரல் அதுக்கு முன்னாடியும் கேட்டதில்ல, அப்பறமும் கேட்டதில்ல. உச்சத்துக்குப் போறப்ப அன்னியம்மா மாதிரித் தெளிவு, ஆனா உள்ளுக்குள்ள ஒரு ஆம்பளைத் தெம்பு. எனக்கு அப்பவே தோணுச்சு பாருங்க, ‘இந்தப் பொம்பளைக்கு ஆம்பளை மாதிரி நெஞ்சு’ன்னு. நாந்தான் சொன்னேன். எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க. என்ன பாசைன்னு தெரியல, யாருன்னு தெரியல. அம்மணின்னு பேரு வெச்சேன்.

அம்மணிய நான் வெளிய அனுப்பறதில்ல. கேசட்டு இரவல் கேட்டா, ஊட்டுக்கு வந்து கேளுங்கடான்னுட்டேன். அன்னியம்மா, சோன்யாவெல்லாம் அவனுங்க ஊட்டுல, என்ற ஊட்டுல அம்மணி மட்டுந்தான். ஏன்னா என்ற டெக்குல கேட்டாத்தான் அந்தக் குரலு. அந்த டெக்கும் லேசுப்பட்டதில்லீங்க. பழசு வாங்குனது, மோட்டார் சோம்பேறி, பெல்ட்டு நழுவும். நான் என்ன பண்ணுனேன், மோட்டார்ல இருக்கற புல்லியக் கழட்டிட்டு, நம்ம லேத்துலயே புதுசா ஒண்ணு கடைஞ்சேன். நழுவாம இருக்கட்டும்னு ஒரு நூல், அதாவது அரைக்கால் இஞ்சு, பெருசாக் கடைஞ்சு போட்டேன். அப்பறம் குதிரை மாதிரி ஓடுச்சு. கோயமுத்தூர்க்காரனுக்கு மோட்டார் பத்திச் சொல்லித்தரணுங்களா?

சொல்லித்தந்தவ ஒருத்தி இருக்கறா. இதா, சன்னலோரம். "மெசினு வேகமா ஓடுதுங்க"ன்னு அன்னைக்கிருந்து ஒரே பாட்டு. இவ கொண்டாந்த சாமி பாட்டுக் கேசட்டெல்லாம் கீச்சுக்கீச்சுன்னு கேட்டுச்சு. மட்டமான கேசட்டு, தூக்கிப் போட்டேன். இவ தம்பி மஸ்கட்டுல இருந்தான். அப்பெல்லாம் போன் காசு ஜாஸ்தி, அதனால பேசிப் பதிஞ்சு கேசட்டா அனுப்புவான். போட்டா அவனும் கீச்சுக்கீச்சுன்னு, வயசுக்கு வராத பையனாட்டம் பேசுவான். ரெண்டு வருசம் கழிச்சு ஊருக்கு வந்தான். வாயத் தொறந்தா தவில் மாதிரிக் குரலு. நான் இவகிட்டச் சொன்னேன், "பாத்தியா, மஸ்கட்டு வெய்யில்ல உன்ற தம்பிக்குக் குரல் ஒடைஞ்சு போச்சு"ன்னு. அவனுக்கு அப்ப முப்பத்தஞ்சு வயசு. இவ என்னையே பாத்தா.

ஏன் தம்பி, இருமறீங்க? தண்ணி குடிங்க. பூவாத்தா, பாட்டில எடு.

போன வருசம் ரேஸ்கோர்ஸ் பக்கம் ஒரு காப்பிக் கடையில சின்னப் பசங்க ஒரு சாயங்காலம் ஏற்பாடு பண்ணியிருந்தாங்க. ப்ரோக்ரெசிவ் ராக்குல பாடுன பொம்பளைங்களப் பத்திப் பேச்சு. டெரன்ஸ் மகன் மூலமா எங்க மூணு பேரையும் கூப்புட்டாங்க. ஆளுக்கு ஒரு பாடகி. பேசணும், பாட்டுப் போடணும், கடைசியில அல்லாரும் ஓட்டுப் போடுவாங்க. எனக்கு எப்பிடி இருந்துச்சுன்னா, பொண்ணு கல்யாணத்துக்கு மாப்ள ஊடு பாக்க வர்ற மாதிரி இருந்துச்சு. இத்தன வருசம் அம்மணி எங்க ஊட்டு ஹாலத் தாண்டுனதில்ல. மொத மொதல்ல ஊரு கேக்கப் போகுது. சட்டைக்கு இஸ்திரி போட்டேன். இவளையும் கூட்டிட்டுப் போனேன், ஊட்டுல தனியா இருந்தா போரடிக்குமேன்னு.

டெரன்ஸ் அன்னியம்மாவப் போட்டான், நல்லாத்தான் கை தட்டுனாங்க. வரதராஜு சோன்யாவப் போட்டான், பசங்க விசிலடிச்சாங்க. நான் எந்திரிச்சேன். "நீங்க இதுவரைக்கும் கேட்டதெல்லாம் பாட்டு. இப்பக் கேக்கப் போறதுதான் குரல்"ன்னேன். எழுதி வெச்சுப் பழகுன வார்த்தைங்க அது. கேசட்டக் குடுத்தேன். அவங்க டெக்குல போட்டாங்க.

ஒரு ஆம்பளை பாடுனானுங்க.

மெதுவா, கனமா, எரும தண்ணியில எறங்கற மாதிரிப் பாடுனான். நான் பக்கத்தத் திருப்பிப் போடச் சொன்னேன். அதுலயும் அவனே. "மெசின் மெதுவா ஓடுது, பாத்துச் செய்யுங்க"ன்னேன். ஒரு பையன் ஒரு சினிமாப் பாட்டுக் கேசட்டப் போட்டுக் காட்டுனான். அது சரியாக் கேட்டுச்சு. அதுக்குள்ள இன்னொருத்தன் போனை டெக்குகிட்டக் காட்டி, ஆளையே புடிச்சுட்டான். யாரோ இத்தாலிக்காரக் கூட்டமாம். படத்தப் பெருசா செவுத்துல காட்டுனாங்க. அம்மணிக்கு நெஞ்சு வரைக்கும் தாடி தம்பி!

அந்தக் கடை அதுக்கு முன்னாடி அப்பிடிச் சிரிச்சிருக்காது. டெரன்ஸு முப்பது வருசச் சிரிப்பையும் சேத்தி வெச்சுச் சிரிச்சான். "என்ன மேன், இவ்ளோ நாளா ஒரு தாடிக்காரனையா லவ் பண்ணிட்டிருந்தே?" நான் மறுபடியும் மெசின்தான் மெதுவுன்னேன். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்"னு வரதராஜு. கூட இருந்தே பழகுன பயலுக, ஏகத்தாளமா சிரிச்சாங்க. ஒரே ஒரு புள்ள மட்டும் சிரிக்கல. மிருதுளான்னு பேரு, ஒரு ராக் குரூப்புல பாடற புள்ள. அதுவும் எனக்கு அப்பத் தெரியாது, இவ அப்பறம் சொன்னதுதான்.

நான் கேசட்டப் புடுங்கிட்டு வெளிய வந்து ஆட்டோவுல ஏறி உக்காந்துட்டேன். இவ வரவே இல்ல. மீட்டர் ஓடுது, ஆட்டோக்காரன் மொறைக்கறான். வெகு நேரம் கழிச்சு வந்து, செருப்பத் தேடுனேன்னா. காப்பிக் கடையில எவன் தம்பி செருப்பக் கழட்டறான்? நான் இருந்த கோவத்துல அதையெல்லாம் கேக்கல.

ஊட்டுக்கு வந்ததும் நேரா டெக்கப் போட்டேன். அம்மணி பாடுனா. அதே அம்மணி. ஆனா தம்பி, காது கேடு கெட்டது, ஒண்ணு தெரிஞ்சுக்கிச்சுன்னா தெரிஞ்சுக்கிச்சுதான். எனக்கு இப்ப அந்தக் குரலுக்குள்ள தாடி தெரியுது. உச்சத்துக்கு ஏறறப்ப முன்னெல்லாம் கண்ணு கலங்கும், இப்பத் தாடி ஆடற மாதிரி இருக்குது. நிறுத்திட்டேன். டெக்கு மேல துண்டப் போட்டு மூடிட்டேன்.

வெசனம்னா அப்பிடி ஒரு வெசனமுங்க. இதச் சொன்னா சிரிப்பீங்க. ஒருத்தர் செத்தா ஊரு வந்து உக்காரும், ஒப்பாரி வெக்கும், சோறு கொண்டாந்து குடுக்கும். இருக்கவே இல்லாத ஒரு பொம்பளை செத்துப் போனா யாருகிட்டப் போயி அழுகறது? ஞாயித்துக்கெழமைக்கு நான் போகல. டெரன்ஸு போன் பண்ணுனான், எடுக்கல. சோறு எறங்கல. இவகிட்ட எதுக்கெடுத்தாலும் எரிஞ்சு விழுந்தேன். இவ ஒரு நாளு வந்து, "ஏனுங்க, பாட்டுப் போடமாட்டீங்களா?"ன்னா. "உனக்கென்ன வந்துச்சு இப்ப?"ன்னேன். "பாட்டு இல்லாம ரசம் எப்ப எறக்கறதுன்னு தெரியமாட்டீங்குது"ன்னா. பாருங்க தம்பி, என்ற நெலம என்ன, இவ நெலம என்ன. இவளுக்கு ரசம் பொங்கீருமேன்னு கவல.

அதுல இருந்து இவ போக்கே மாறிப் போச்சு. சாயங்காலமானா போனைத் தூக்கிட்டு மொட்டை மாடிக்குப் போயிருவா. வத்தல் காயுது, காக்கா வருதும்பா. வத்தல் போடற மாசமா அது? ஒரு மணி நேரம் கழிச்சு எறங்கி வருவா. யாருடி போன்லன்னா, ஒரு புள்ளைக்குப் பக்குவம் சொல்லிக் குடுத்தேன்பா. ரசப் பக்குவம்போலன்னு நான் உட்டுட்டேன். அந்த டெக்கு மேல இருந்த துண்டும் அப்பப்ப எடம் மாறி இருக்கும். கேட்டா, தூசி தொடைச்சேன்பா. நானும் வெசனத்துல இருந்தவன், இதையெல்லாமா நோண்டிட்டு இருப்பேன்?

மூணு மாசம் போயிருக்கும். அந்த மிருதுளாப் புள்ள ஊட்டுக்கே வந்து நிக்குது. எங்க வெலாசம் எப்பிடித் தெரிஞ்சுதுன்னே தெரியல. "அங்கிள், ஞாயித்துக்கெழமை அதே கடையில எங்க குரூப் பாடுது. நீங்க வரணும்." நான் முடியாதுன்னேன். அந்தக் கடை வாசல மிதிக்கமாட்டேன்னேன். அந்தப் புள்ள இவளப் பாக்குது, இவ அந்தப் புள்ளையப் பாக்கறா. பொறவு இவ உள்ள போயி என்ற சட்டைய இஸ்திரி போட ஆரம்பிச்சுட்டா. அவ்வளவுதான், பேச்சுக்கே எடமில்ல. இந்த ஊட்டுல என்ற பேச்சு என்னைக்கு எடுபட்டுச்சு?

போனோம். பின்னாடி பெஞ்சுல, தூணுக்கு மறைவா உக்காந்தேன். டெரன்ஸும் வரதராஜும் முன்னாடி இருந்தாங்க. நான் பாக்காத மாதிரி இருந்துட்டேன். ரெண்டு மூணு பாட்டுப் பாடுனாங்க, பரவால்ல. அப்பறம் அந்தப் புள்ள மைக்குல சொல்லுச்சு: "அடுத்த பாட்டு, இந்தக் கடையில மூணு மாசம் முன்னாடி எல்லாரும் பாத்துச் சிரிச்ச ஒரு பாடகிக்காக. அவங்க இல்லைன்னு சொன்னீங்க. இப்பக் கேளுங்க."

அம்மணி பாடுனா தம்பி.

அதே வேகம், அதே சுதி, அந்த ஒரு நூல் பிசகல. இத்தாலி வார்த்தையெல்லாம் கெடையாது, வெறும் ஆகாரம். தூணுக்கு அந்தப் பக்கம், உசுரோட, செகப்புக் குர்த்தாப் போட்டுக்கிட்டு, வேர்வை வழிய ஒரு பொம்பளைப் புள்ள நின்னு பாடுது. ஏறுச்சு, ஏறுச்சு, அந்த உச்சத்துல போயி நின்னுச்சு. தாடி இல்ல. சத்தியமாச் சொல்றேன், தாடி இல்ல. எனக்கு அழுகை வந்துருச்சு. தூணுக்குப் பின்னாடி இருந்ததால யாரும் பாக்கல. இவ பாத்திருப்பா. இவ என்ற கைய எடுத்து மடியில வெச்சுக்கிட்டா. நாலு பேரு இருக்கற எடத்துல அப்பிடியெல்லாம் செய்யறவ இல்ல.

பாட்டு முடிஞ்சதும் டெரன்ஸு எந்திரிச்சு வந்தான். கண்ணெல்லாம் செவந்து போயிருந்துச்சு. "மேன், என் ஓட்டு அம்மணிக்கு"ன்னான். முப்பது வருசத்துல மொதத் தடவை. அன்னியம்மாவ விட்டுக்குடுத்துட்டு வந்து நிக்கறான்! வரதராஜு எனக்குக் காப்பி வாங்கியாந்து வெச்சான். அது அவனோட ஓட்டு. இப்ப ஞாயித்துக்கெழமை பழையபடிக்கு நடக்குதுங்க.

ஒண்ணு யோசிச்சுப் பாருங்க தம்பி. நான் அந்தப் புல்லியச் சரியான அளவுல கடைஞ்சிருந்தா என்ன ஆயிருக்கும்? அம்மணியே பொறந்திருக்கமாட்டா. எவனோ ஒரு தாடிக்காரன் பாட்டுக் கேட்டுட்டு மறந்திருப்போம். அப்பிடிப் பாத்தா அம்மணியப் பெத்தது நாந்தான். பிசகுன்னு சொல்றவன் சொல்லிட்டுப் போகட்டும். இவளும் இப்பல்லாம் மெசினு வேகமுன்னு சொல்றதில்ல, பாத்தீங்களா? புரிஞ்சுக்கிட்டா.

ஆனா ஒரே ஒரு சங்கதி எனக்கு இன்னும் பிடிபடலீங்க. கச்சேரி முடிஞ்சு அந்தப் புள்ள எறங்கி வந்துச்சு. நேரா என்கிட்டத்தான வரணும்? இவகிட்டப் போயி, "அம்மா, சரியா வந்துச்சா?"ன்னு கேக்குது. இவளும் பெரிய வித்வான் மாதிரி, "ரெண்டாவது ஏத்தத்துல அவசரப்பட்டுட்ட கண்ணு"ங்கறா. நான் இவளத் தள்ளிட்டு முன்னாடி போயி அந்தப் புள்ளகிட்டக் கேட்டேன்: "ஏம்மா, மூணாவது சுத்துல உச்சத்துல இருந்து எறங்கறப்ப ஒரு சின்ன வளைவு போட்ட பாரு, அது டேப்புல இல்லியே? அது எங்கிருந்து வந்துச்சு?" அந்தப் புள்ள இவளப் பாத்துச்சு. இவ மேல சுத்தற காத்தாடியப் பாத்தா. "பஸ்ஸுக்கு நேரமாச்சு"ன்னா.

இன்னைக்குப் பெங்களூருல அந்தப் பாட்டத்தான் மிருதுளாப் புள்ள பெரிய ஹால்ல பாடப் போகுது. நேத்துப் போன் வந்துச்சு, இவ போன்லதான். "அம்மா, நீங்க முன் வரிசையில இருந்தாத்தான் பாடுவேன். அங்கிளையும் கூட்டிட்டு வாங்க"ன்னு. நல்ல வளர்ப்பு. மொதல்ல பொம்பளைங்களக் கூப்புடறதுதான மரியாத? எனக்குப் புரியாதா?

அந்த வளைவுதான் தம்பி. அந்த எடத்துலதான் நான் அன்னைக்கு ஒடைஞ்சு போனது. டேப்புல இல்ல, தாடிக்காரன்கிட்ட இல்ல, அன்னியம்மாகிட்ட இல்ல, சோன்யாகிட்ட இல்ல. ஆனா எனக்கு அது புதுசாத் தெரியல. எங்கியோ கேட்டிருக்கேன். ஒரு தடவ ரெண்டு தடவ இல்ல, தெனமும் கேட்ட மாதிரி இருக்குது. சோத்து வாசத்தோட கேட்ட மாதிரி இருக்குது. மூணு மாசமா யோசிக்கறேன், எங்கன்னு பிடிபட மாட்டீங்குது. இதோ, இப்பக்கூட, தொண்டை வரைக்கும் வந்து நிக்குது. சித்த இருங்க, சொல்லீர்றேன்.

அட, பூவாத்தா, சன்னலப் பாத்துட்டு அங்க என்ன முனகிட்டே வர்ற? செத்த நேரம் சும்மா இரு. எனக்கு யோசன ஓடவே மாட்டீங்குது.